சுவரோடு ஒட்டாத மின்சாரம்

பயோமெடிக்கல் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தசை மின்னலைகளை அளக்கும் இ.எம்.ஜி. கருவி ஒன்றைச் செய்யக் கிளம்பினால், எந்தச் சிப், எத்தனை மடங்கு பெருக்கம், என்ன ஃபில்டர் என்று வாரக்கணக்கில் பேசுவார்கள். பவர் சப்ளைப் பேச்சு கடைசி நாளில்தான் வரும். "ஏதாவது அடாப்டர் கிடந்தா எடுத்துட்டு வாடா" என்பதோடு அது முடிந்தும் போகும். இந்தக் கட்டுரை அந்தக் கடைசி நாள் பேச்சைப் பற்றியது. ரேடியோவுக்கோ கடிகாரத்துக்கோ எந்த அடாப்டரைச் செருகினாலும் பாதிக்கப்படுவது அந்தக் கருவி மட்டும்தான். இ.எம்.ஜி. பெருக்கியின் உள்ளீட்டு வயர்கள் ஒரு மனிதரின் தோலில் ஒட்டியிருக்கின்றன. பெருக்கிக்கு வருவது எதுவானாலும் அவருக்கும் வழி கிடைத்துவிடுகிறது.

நாம் அளக்கப்போவது எவ்வளவு சிறியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மூளையின் கட்டளை நரம்பு வழியே தசையை எட்டியதும், தசையிழைகளின் சவ்வு நெடுக ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. இழை சுருங்குவது அதன் பிறகுதான். ஆயிரக்கணக்கான இழைகளின் துடிப்புகள் கொழுப்பையும் தோலையும் கடந்து மேலே வந்து சேரும்போது சில பத்து மைக்ரோவோல்ட்டிலிருந்து சில மில்லிவோல்ட் வரை இருக்கும். அதிர்வெண் ஏறத்தாழ 20 முதல் 500 ஹெர்ட்ஸ். அதன் ஆற்றலில் பெரும்பகுதி 50 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் வந்து உட்காரும் இடமும் தசை பேசும் இடமும் ஒன்றே. ஃபில்டர் போட்டு 50 ஹெர்ட்ஸை வெட்டினால் தசையின் குரலிலும் ஒரு துண்டு போகும். ஆகவே இரைச்சலை உள்ளே விட்டுவிட்டுப் பிறகு வடிகட்டுவதைவிட, வாசலிலேயே நிறுத்துவதுதான் இந்தத் துறையின் வேலை.

தசை மின்சாரத்தை முதலில் அளந்தவருக்கு இந்தத் தலைவலி எதுவும் இருக்கவில்லை. பெர்லினைச் சேர்ந்த எமில் டு புவா ரேமோன், மனிதர் தானாக முயன்று தசையை இறுக்கும்போது மின்னோட்டம் எழுவதை 1849இல் காட்டினார். மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, கல்வனோமீட்டரைத் தாமே செய்துகொண்டார். கைகளை உப்பு நீரில் வைத்து ஒரு கையை இறுக்கினால் முள் சற்றே அசையும். தோலின் மின்தடைதான் குறுக்கே நிற்கிறது என்று புரிந்ததும், கையில் கொப்புளம் எழுப்பித் தோலை உரித்துவிட்டு அளந்தார். முள் பல மடங்கு அதிகமாக நகர்ந்தது. இக்கால நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. நமக்கு இதில் முக்கியமானது வேறு: அந்தக் கருவிக்குப் பவர் சப்ளையே கிடையாது. முள்ளைத் தள்ளியது உடலின் மின்சாரம் மட்டுமே.

வெளி மின்சாரம் உள்ளே நுழைந்தது வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளோடு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் காஸரும் எர்லாங்கரும் 1922இல் குழாய்ப் பெருக்கியையும் கேத்தோடு கதிர்க் குழாயையும் இணைத்து நரம்புத் துடிப்புகளைத் திரையில் கண்டார்கள். குழாயின் இழையைச் சூடாக்கக் குறைந்த அழுத்தம், தகட்டுக்கு உயர் அழுத்தம் என்று தனித்தனி பேட்டரிகள் தேவைப்பட்டன. மாறுமின்சாரத்தால் இழையைச் சூடாக்கினால் உறுமல் சத்தம் சிக்னலோடு கலந்துவிடும். 1929இல் ஏட்ரியனும் பிராங்க்கும் ஊசிக்குள் மின்முனை வைத்துத் தசைக்குள் செலுத்தி, சிக்னலை ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அந்த வழக்கம் இன்றும் போகவில்லை. இ.எம்.ஜி. எடுக்கும் நரம்பியல் மருத்துவர் திரையைப் பார்க்கிற அளவுக்குச் சத்தத்தையும் கவனிக்கிறார். நரம்புத் தொடர்பு அறுந்த தசையிழைகள் தாமாகத் துடிக்கும் ஒலியைத் தகரக் கூரைமேல் விழும் மழை என்று மருத்துவர்கள் வர்ணிப்பது வழக்கம். பவர் சப்ளையின் உறுமல் மேலெழுந்தால் அந்த மழை காதில் விழாது.

இனி சுற்றுக்குள் போகலாம். மின்னழுத்தம் எப்போதும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வேறுபாடு. தசையின் மேல் இரண்டு மின்முனைகள், முழங்கை போல எலும்பு மேடான இடத்தில் மூன்றாவது ஒன்று. முதல் இரண்டின் வேறுபாட்டைப் பெருக்கி எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது, இதுதான் பூஜ்யம் என்று உடலுக்கும் கருவிக்கும் பொதுவான ஒரு மட்டத்தைத் தருகிறது. தசையின் அலை அந்தப் பூஜ்யத்துக்கு மேலும் போகும், கீழும் போகும். ஆனால் எந்தப் பெருக்கியும் தன் சப்ளையின் எல்லைக்கு வெளியே ஒரு வோல்ட்கூடத் தர முடியாது. ஆகவே கூட்டல் அழுத்தம், கழித்தல் அழுத்தம் இரண்டுமே வேண்டும்.

இதற்கு மிக எளிய வழி இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு சேர்த்துவிடுங்கள். சேர்ந்த இடம் பூஜ்யம். இரு ஓரங்களும் கூட்டல் 9, கழித்தல் 9. மூன்றாவது மின்முனை அந்தச் சந்திப்போடு இணையும். இரண்டு பேட்டரிகளும் ஒரே வேகத்தில் தீராதே என்று சிலர் கவலைப்படுவார்கள். ஒன்று 9.1, மற்றது 8.4 என்று இருந்தாலும் நல்ல பெருக்கி அதைப் பொருட்படுத்தாது. சப்ளை மெதுவாக இறங்குவதை வெளியீட்டில் காட்டாமல் தடுக்கும் திறன் அதற்கு உண்டு. ஏடி620 போன்ற அளவைப் பெருக்கிச் சிப் ஒன்று சுமார் 1 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். சாதாரண 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி 500 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குத் தாங்கும். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும். ஓடாது. காரணம், "ஆன்" ஆகியிருப்பதைக் காட்ட மாணவர்கள் ஒரு சிவப்பு எல்.இ.டி. வைத்திருப்பார்கள். அது 5, 10 மில்லி ஆம்பியர் என்று குடித்துக்கொண்டிருக்கும். தசையைப் பெருக்கும் செலவைவிட விளக்கு எரியும் செலவு பெரிது.

ஒரே பேட்டரியைப் பாதியாகப் பிரித்தும் பூஜ்யத்தை உண்டாக்கலாம். சம அளவுள்ள இரண்டு மின்தடைகளின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்வது பலரும் செய்வது. ஆனால் அந்தப் புள்ளிக்குள் மின்னோட்டம் புகுந்தாலோ வெளியேறினாலோ நடு நகர்ந்துவிடும். பூஜ்யம் ஆடினால் அளவு முழுவதும் ஆடும். நடுவில் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப் ஒன்றை வைத்து அந்தப் புள்ளியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். டிஎல்இ2426 என்ற சிறு சிப் இந்த ஒரே வேலைக்காகவே விற்கிறது. இப்படி உருவாக்கிய பூஜ்யம் பேட்டரியின் எதிர்முனை அல்ல என்பதைத்தான் ஆய்வகத்தில் மறந்துவிடுகிறார்கள். ஆசிலோஸ்கோப்பின் கறுப்புக் கிளிப் சுவரின் எர்த்தோடு இணைந்தது. அதைச் செயற்கைப் பூஜ்யத்தில் மாட்டிவிட்டு, எதிர்முனையை யு.எஸ்.பி. வழியாக எர்த் உள்ள கம்ப்யூட்டரோடும் சேர்த்தால், பாதிச் சப்ளை எர்த் வழியே ஷார்ட் ஆகிவிடும்.

சப்ளையின் உயரம் இன்னொரு விஷயத்தையும் தீர்மானிக்கிறது. உலோகம் வியர்வையையோ ஜெல்லையோ தொட்டால் அங்கே ஒரு குட்டி மின்கலம் பிறக்கிறது. இ.சி.ஜி., இ.எம்.ஜி. ஒட்டுகளில் பயன்படும் வெள்ளி-வெள்ளி குளோரைடு முனையில் அது 0.22 வோல்ட் அளவு. இரண்டு முனைகளிலும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆனால் அவை ஒருபோதும் சரியாக ஒத்துப்போவதில்லை. ஒரு ஒட்டு காயும், இன்னொன்று நகரும். வடிவமைப்பாளர்கள் 300 மில்லிவோல்ட் வரை வேறுபாடு வரலாம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுவார்கள். 1 மில்லிவோல்ட் தசை அலையை ஆயிரம் மடங்கு பெருக்கினால் 1 வோல்ட், நல்ல அளவு. கூடவே இந்த 300 மில்லிவோல்ட்டும் ஆயிரம் மடங்கானால் 300 வோல்ட். சப்ளை 9 வோல்ட்தான். பெருக்கியின் வெளியீடு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் நேர்க்கோடு. சிப் எரிந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கி மாட்டுவார்கள். அதுவும் நேர்க்கோடு காட்டும்.

எனவே முதல் நிலையில் பத்து மடங்கோடு நிறுத்துவது வழக்கம். 300 மில்லிவோல்ட் 3 வோல்ட் ஆகும், எல்லைக்குள் நிற்கும். அடுத்து ஒரு மின்தேக்கி வைத்து நகராத அழுத்தத்தை வெட்டிவிட்டு, 20 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை மட்டும் இன்னும் நூறு மடங்கு பெருக்கலாம். மைக்ரோ கன்ட்ரோலரின் 3.3 வோல்ட்டையே எடுத்துக்கொண்டால் பூஜ்யத்துக்கு இருபுறமும் 1.65 வோல்ட்தான் கிடைக்கும். முதல் நிலையில் ஐந்து மடங்கைத் தாண்டினாலே ஆபத்து. இந்த முடிச்சை அவிழ்த்தது உயர்ந்த பெருக்கம் அல்ல, நுட்பமான எண்ணாக்கம், அதாவது அழுத்தத்தை எண்ணாக மாற்றுவது. ஏடிஎஸ்1298 போன்ற 24 பிட் சிப்புகளில் 2.4 வோல்ட் அளவுகோலை 0.3 மைக்ரோவோல்ட்டுக்கும் சிறிய படிகளாகப் பிரிக்க முடிகிறது. ஆறு மடங்கு மட்டும் பெருக்கி, 300 மில்லிவோல்ட்டையும் சேர்த்தே எண்ணாக்கிவிட்டு, பிறகு மென்பொருளில் கழித்துவிடலாம். தடித்த பேட்டரிகளை விட்டு இந்தக் கருவிகள் சட்டைப் பைக்குள் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பேட்டரி போட்டாலும் உறுமல் வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வரத்தான் செய்யும். சுவருக்குள் ஓடும் பேஸ் வயருக்கும் உங்கள் உடலுக்கும் நடுவே காற்று இருக்கிறது. இரண்டு கடத்திகள், நடுவே காப்புப் பொருள் என்றால் அது மின்தேக்கிதான். மதிப்பு மிகச் சிறியது, 3 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். உடலுக்கும் எர்த்துக்கும் நடுவே 300 பிகோஃபாரட் அளவு. 230 வோல்ட்டை இந்த இரண்டும் பங்கிட்டுக்கொண்டால், ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் உடல் முழுவதும் 2 வோல்ட்டுக்கு மேல் 50 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பாயும் மின்னோட்டமோ 0.2 மைக்ரோ ஆம்பியர், எதற்கும் உதவாத அளவு. ஆனால் அந்த 2 வோல்ட், நாம் தேடும் 1 மில்லிவோல்ட்டைப் போல இரண்டாயிரம் மடங்கு. இரு மின்முனைகளுக்கும் பொதுவாக வரும் அழுத்தத்தைப் பெருக்கி கழித்துவிடும் என்பதால்தான் பிழைக்கிறோம். 100 டெசிபெல் அளவுக்குக் கழிக்கும் பெருக்கியில் மிச்சம் 20 மைக்ரோவோல்ட்.

எர்த்தோடு இணைந்த கருவியில் உடலின் அந்த மின்னோட்டம் மூன்றாவது மின்முனை வழியாக இறங்கி வழி தேடும். போகிற போக்கில் மின்முனையின் மின்தடையில் அழுத்தத்தை விட்டுவிட்டுப் போகும். தொடர்பே இல்லாத பேட்டரிக் கருவியோ உடலோடு சேர்ந்தே ஏறி இறங்கும். இரண்டும் ஒன்றாக ஆடுவதால், அவற்றுக்கு நடுவே அந்த 2 வோல்ட்டில் பெரும்பகுதி தெரிவதில்லை. இன்னும் சமாளிக்க வேண்டுமானால், பொதுவான அழுத்தத்தை அளந்து, தலைகீழாக்கி, மூன்றாவது மின்முனை வழியாக உடலுக்கே திருப்பிச் செலுத்தலாம். இ.சி.ஜி.யில் வலது காலில் கொடுத்ததால் வலது கால் சுற்று என்றே பெயர். விண்டர், வெப்ஸ்டர் என்ற இருவர் 1983இல் அதன் வடிவமைப்புக் கணக்கை முறைப்படுத்தி எழுதினார்கள். இதிலும் சப்ளை தலைகாட்டுகிறது: சிப் பழுதாகி முழு 9 வோல்ட்டும் அந்த முனைக்கு வந்துவிட்டால்? வழியில் 390 கிலோ ஓம் மின்தடை வைத்திருந்தால் 23 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் உடலுக்குள் போகாது. குறைந்த சப்ளை, அதிகப் பாதுகாப்பு.

இந்த மைக்ரோ ஆம்பியர் கணக்குக்கு மருத்துவ உலகம் ஏன் இவ்வளவு பயப்படுகிறது? 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் கையில் உறைக்கவே ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் வேண்டும். பெர்க்லியில் சார்லஸ் டால்சியல் ஆட்களை வைத்துச் செய்த சோதனைகளில், பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகும் அளவு ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர் என்று கண்டார். ஆனால் அவருடைய ஆட்கள் நினைத்தால் நிறுத்தச் சொல்லக்கூடியவர்கள். நோயாளி அப்படியல்ல. தோலைத் தேய்த்து ஜெல் தடவி, சில நேரம் ஊசியே உள்ளே இறங்கியிருக்கும். அவரால் கையை உதறிக்கொள்ள முடியாமலும் போகலாம். இதயத்துக்கு அருகே குழாய் போட்டவராக இருந்தால் மைக்ரோ ஆம்பியர்களே போதும். 1971இல் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில், ஆண்டுக்கு 1200 பேராவது மருத்துவமனைகளில் மின்கசிவால் இறக்கிறார்கள் என்று எழுதினார். அந்த எண் பலமான ஆதாரமில்லாதது என்று பின்னர் கடும் விமர்சனம் வந்தது. இருந்தாலும் கசிவு மின்னோட்டம் என்ற சொல் மருத்துவமனை நிர்வாகங்களின் காதில் விழுந்தது. மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கான, இன்று ஐ.இ.சி. 60601 எனப்படும் தரநிலை 1977இல் வந்தது. தோலில் ஒட்டும் பிஎஃப் வகைக் கருவியிலிருந்து நோயாளிக்குள் கசியலாம் என்று அனுமதிக்கப்படுவது இயல்பு நிலையில் 100 மைக்ரோ ஆம்பியர். இதயத்தைத் தொடும் சிஎஃப் வகைக்கு வெறும் 10.

இப்போது அந்தக் கடைசி நாள் அடாப்டரை எடுத்துப் பாருங்கள். உலோக உடல் கொண்ட லேப்டாப்பை இரண்டு முள் சார்ஜரில் போட்டுவிட்டு, புறங்கையால் மெல்லத் தடவினால் ஒரு நரநரப்பு தெரியும். பழுது என்று நினைத்துச் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு. பழுதல்ல. சுவர் மின்சாரப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு மின்தேக்கியை, ஒய் வகை என்பார்கள், வேண்டுமென்றே இணைத்திருக்கிறார்கள். சார்ஜர் எழுப்பும் ரேடியோ இரைச்சலை அடக்க அது தேவை. 2.2 நானோஃபாரட் மின்தேக்கியின் மேல் முழு 230 வோல்ட்டும் விழுந்தால் அதன் வழியே 160 மைக்ரோ ஆம்பியர் ஓடும். வீட்டுக் கருவிக்கு 250 வரை அனுமதி உண்டு, ஆகவே விதிப்படி எல்லாம் சரி. அதே சார்ஜரை இ.எம்.ஜி. பெருக்கியோடு சேர்த்தால் நோயாளிக்கான எல்லையை அது தாண்டக்கூடும். அது சார்ஜர் நன்றாக இருக்கும்போது. சாலையோரம் வாங்கிய மலிவு சார்ஜரில் சுவர்ப் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் நடுவே இடைவெளியே சரியாக இருக்காது. ஒரு காப்பு உடைந்தால் 230 வோல்ட் நேரே மின்முனைக்கு வரும்.

பேட்டரிதான் போட்டிருக்கிறோம், எங்களுக்கு என்ன என்று மாணவர்கள் சொல்லும்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வரும். பெருக்கிக்குப் பேட்டரி. அதன் வெளியீடு ஆர்டுயினோ என்ற மைக்ரோ கன்ட்ரோலர் பலகைக்கு. ஆர்டுயினோ யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்புக்கு. லேப்டாப் சார்ஜரில். அந்த ஒரே கேபிளால் பேட்டரியின் தனிமை முழுவதும் போய்விட்டது. பேட்டரியின் மதிப்பு, சுவருக்குப் போகும் கம்பி அதற்கு இல்லை என்பதில்தான் இருக்கிறது. இன்னொரு கம்பி வழியாக அந்தத் தொடர்பை உண்டாக்கிக்கொண்டால், பேட்டரி வெறும் செலவு. இதற்குப் பரிகாரமும் செலவில்லாதது: கையில் மின்முனை ஒட்டியிருக்கும்வரை சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும். திரையில் உறுமல் குறைவதையும் அதே கணத்தில் பார்க்கலாம். புளூடூத்தில் தரவை அனுப்புவது இன்னும் நல்லது.

நாள் முழுக்க ஓடும் மருத்துவமனைக் கருவி பேட்டரியை நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் கருவிக்குள்ளேயே ஒரு அகழி வெட்டுகிறார்கள். பலகையைத் திறந்து பார்த்தால் நடுவே செம்புத் தடம் எதுவும் கடக்காத வெற்றுப் பட்டை ஒன்று தெரியும், சிலவற்றில் பலகையையே அறுத்திருப்பார்கள். நோயாளிக்கான இரட்டைப் பாதுகாப்புக்குப் பரப்பின் வழியே 8 மில்லிமீட்டர் தூரமும், 4000 வோல்ட் மாறுமின்சாரச் சோதனையும் தேவை. அந்தப் பட்டையைக் கடக்க இரண்டு பேருக்கு மட்டுமே அனுமதி. சப்ளை ஒரு குட்டி மின்மாற்றியின் காந்தப்புலமாகக் கடக்கும். சிக்னல் ஒளியாகவோ, காந்தத் துடிப்பாகவோ, மிகச் சிறிய மின்தேக்கி வழியாகவோ கடக்கும். மின்மாற்றியின் இரு சுருள்களுக்கு நடுவேயும் கொஞ்சம் மின்தேக்கம் இருக்கும். அது 100 பிகோஃபாரட் என்றால் 230 வோல்ட்டில் 7 மைக்ரோ ஆம்பியர் கசியும். சிஎஃப் எல்லையான 10க்குள் அது ஒன்றே பெரும்பங்கைத் தின்றுவிடும்.

இந்தக் குட்டி மின்மாற்றிக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. கழித்தல் அழுத்தம் தரும் ஐசிஎல்7660 போன்ற பழைய சிப்புகளில் அது நொடிக்குப் பத்தாயிரம். தசை அலை 500 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறதே, அவ்வளவு உயரத்தில் என்ன சத்தம் போட்டால் நமக்கென்ன என்று தோன்றும். எண்ணாக்கும் சிப் நொடிக்கு 1000 முறை அளவெடுக்கிறது, சுவிட்ச் 10,050 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வையுங்கள். எண்ணாக்கிய பிறகு அது 50 ஹெர்ட்ஸாக வேடம் போட்டு உட்கார்ந்திருக்கும். வீட்டு மின்சாரத்தைத் திட்டிக்கொண்டு எர்த்தைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள், திருடன் உங்கள் பலகையிலேயே இருப்பான். சப்ளையின் ஆட்டத்தைத் தடுக்கும் பெருக்கியின் திறனும் அதிர்வெண் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். அதனால் சுவிட்ச் சப்ளைக்குப் பின்னால் ஒரு அமைதியான நேரியல் ரெகுலேட்டர், எண்ணாக்கத்துக்கு முன்னால் ஒரு ஃபில்டர். கவனமான வடிவமைப்பாளர்கள் சுவிட்சையும் அளவெடுக்கும் கடிகாரத்தையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுவார்கள், இரைச்சல் எங்கே விழும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

செயற்கைக் கைகளில் சிக்கல் வேறு திசையில் இருந்து வருகிறது. 1960இல் சோவியத் ஒன்றியத்தில் கோப்ரின்ஸ்கி குழுவினர் காட்டிய கை, டிரான்சிஸ்டர் வந்ததால் சாத்தியமானது. மிச்சமிருக்கும் தசையின் சிக்னலைக் கொண்டு விரல்களைத் திறந்து மூடும். இன்றைய கைகளிலும் மைக்ரோவோல்ட்டைக் கவனிக்கும் பெருக்கியும் ஆம்பியரை விழுங்கும் மோட்டாரும் பெரும்பாலும் ஒரே பேட்டரியைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. மோட்டார் கிளம்பும் நொடியில் பேட்டரி அழுத்தம் குழிவிழும். அந்தக் குழியைப் பெருக்கி தசைச் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டால் கை தானாகவே மறுபடி மூடும், கோப்பை நசுங்கும். பெருக்கிக்கெனத் தனி ரெகுலேட்டர் வைப்பதும், மோட்டாரின் திரும்புவயர் பெருக்கியின் பூஜ்யத்தைத் தொடாமல் நேரே பேட்டரிக்குப் போகும்படி அமைப்பதும் இதற்காகத்தான்.

ஏடி8232 போன்ற சிப்புகள் வந்தபின் சப்ளைத் தேவை வெகுவாகச் சுருங்கிவிட்டது. இதயத் துடிப்புக்காக வந்த அந்தச் சிப் 3 வோல்ட்டில் 170 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும், நடுப் பூஜ்யமும் வலது கால் சுற்றும் உள்ளேயே உண்டு. 220 மில்லி ஆம்பியர் மணி கொண்ட காசு பேட்டரி ஒன்று, ரேடியோவை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஐம்பது நாளுக்கு மேல் அதை ஓட்டும். ஓட்டப்பந்தய வீரர்களின் தொடையில் ஒட்டும் கம்பியில்லா இ.எம்.ஜி. வில்லைகளில் ரேடியோதான் அதிகம் சாப்பிடுகிறது, ஆகவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யவேண்டிய லித்தியம் பேட்டரியே உள்ளே இருக்கும். இத்தகைய வில்லைகளில் பலவற்றுக்குச் சார்ஜ் கேபிளே கிடையாது. சார்ஜ் ஏற வேண்டுமானால் அவற்றைத் தோலிலிருந்து கழற்றி அதற்கான தொட்டிலில் பொருத்தியாக வேண்டும்.